ஸ்கொன்: எந்த மாவு, எந்த உச்சரிப்பு, எது முதலில்?

பிரிட்டனின் தேநீர்ப் பலகாரமான ஸ்கொன், ஓவனிலிருந்து எடுத்த பின் அதன் முழு ருசியில் இருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அதற்கு மேல் மேலோடு தளர்ந்துவிடும், உள்ளே ஈரம் வற்றத் தொடங்கும், மாலைக்குள் சாதாரண பன்னுக்கும் கீழே போய்விடும். பழக் கேக் போல ஊற ஊற ருசி ஏறும் பண்டமல்ல இது. அதனால் வெண்ணெயா கிரீமா, பாலா தயிரா, ஜாம் முதலிலா கிரீம் முதலிலா என்று எதை முடிவு செய்வதாக இருந்தாலும், எப்போது சாப்பிடப் போகிறோம், அப்போது அது எவ்வளவு சூடாக இருக்கும் என்பதை முதலில் யோசித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பார்த்திராதவர்களுக்காக: உள்ளங்கைக்குள் அடங்கும் உருண்டை வட்டம், உயரம் 4 செ.மீ. இருக்கலாம். ஈஸ்ட் கிடையாது, பேக்கிங் பவுடர்தான் தூக்கிவிடும். இனிப்பு மிகக் கொஞ்சம், ஏனென்றால் இனிப்பைக் கொண்டுவரும் வேலை ஜாமுடையது. நல்ல ஸ்கொன்னுக்கு அடையாளம் அதன் இடுப்பு. பக்கவாட்டில் நடுவாக்கில் சுற்றி ஒரு வெடிப்பு ஓடும். அங்கே இரண்டு கட்டை விரலையும் வைத்து மெல்ல விலக்கினால் கத்தியே இல்லாமல் மேல்பாதி, கீழ்பாதி என்று பிரிந்து வர வேண்டும். பிரிந்த முகம் சொரசொரப்பாக இருக்கும், கிரீமைப் பிடித்துக்கொள்வதும் அந்தச் சொரசொரப்புதான்.

உச்சரிப்பு: குறிலா, நெடிலா?

பிரிட்டனில் இந்தச் சொல்லை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். நமக்கு இதை விளக்குவது சுலபம், இது ஒ–ஓ விவகாரம். ஒரு கட்சி குறிலாக ‘ஸ்கொன்’ என்கிறது. இன்னொரு கட்சி நெடிலாக, நாம் ‘லோன்’, ‘போன்’ என்று சொல்வதுபோல ‘ஸ்கோன்’ என்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் குறில் நெடில் தெரியாது, அதனால் சண்டை தீராமல் நடக்கிறது. நம் ஓலைச்சுவடிகளிலும் இதே சிக்கல் இருந்தது. குறில் ஒகரத்துக்கு வைக்க வேண்டிய புள்ளியை ஏடெழுதியவர்கள் விட்டுவிடுவார்கள், கொ எது கோ எது என்று படிப்பவர் ஊகிக்க வேண்டும். இன்று நாம் எழுதும் வேறுபாடு வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தோடு வந்தது.

குறில் என்றாலும் அது தமிழ் ‘கொ’ அல்ல. வாயை இன்னும் கொஞ்சம் அகலத் திறக்க வேண்டும், ‘டாக்டர்’, ‘ஹாக்கி’ என்ற சொற்களை ஆங்கிலேயர் சொல்லும்போது முதல் அசையில் வரும் ஒலி அது. ‘ஸ்கான்’ என்று எழுதினால் வாசிப்பவர் நெடிலாக இழுத்துவிடுவார், ‘ஸ்கொன்’தான் பக்கத்தில் வருகிறது.

ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வடக்கிலும் வட அயர்லாந்திலும் குறில்தான் ஓங்கி நிற்கிறது. இங்கிலாந்தின் நடுப்பகுதியிலும் அயர்லாந்துக் குடியரசின் தென்பகுதியிலும் நெடில் அதிகம் கேட்கும். லண்டனில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடாவில் பெரும்பாலும் குறில், அமெரிக்காவில் நெடில். அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. நெடிலாகச் சொன்னால் மேட்டுக்குடி, குறிலாகச் சொன்னால் பாமரம் என்று சிலர் சொல்வார்கள், அதே உறுதியோடு இன்னும் சிலர் தலைகீழாகச் சொல்வார்கள். இரண்டையும் நம்ப வேண்டாம், இது வர்க்கத்தைவிட ஊரைப் பொறுத்தது.

தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றால் எங்கள் வாக்கு ஸ்கொன்னுக்கு. சொல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. வெர்ஜிலின் லத்தீன் காவியமான ‘ஈனிய’த்தை ஸ்காட்லாந்துக் கவிஞர் கேவின் டக்ளஸ் 1513-ல் ஸ்காட்ஸ் மொழியில் பெயர்த்து முடித்தார், அதில்தான் அதன் பழைய பதிவு காணப்படுகிறது. வெள்ளை ரொட்டி என்ற பொருளுள்ள பழைய டச்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். சொல்லைத் தந்த ஊர்க்காரர்கள் குறிலாகச் சொல்லும்போது நாமும் அப்படியே சொல்வது முறை. லெஸ்டரிலோ பர்மிங்ஹாமிலோ இருப்பவர்கள் பக்கத்து வீட்டார் சொல்வதுபோல நெடிலாகச் சொன்னாலும் பிழையில்லை.

மூன்றாவது ஒலி ஒன்று உண்டு, அதை மட்டும் கலக்கக் கூடாது. ஸ்காட்லாந்தின் பெர்த் நகருக்கு அருகே இதே எழுத்துகளில் ஓர் ஊர் இருக்கிறது, அதன் பெயர் ‘ஸ்கூன்’. ஸ்காட்லாந்து மன்னர்கள் முடிசூடிய இடம். அங்கிருந்த முடிசூட்டுக் கல்லை 1296-ல் முதலாம் எட்வர்டு லண்டனுக்குத் தூக்கிச் சென்றார், 1996-ல் அது ஸ்காட்லாந்துக்குத் திரும்பியது, 2024 முதல் பெர்த் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கல்லை ஸ்கொன் கல் என்று சொல்லிவிட்டால் பெர்த்காரர்கள் உடனே திருத்துவார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இதே பெயரில் இருக்கும் ஊரோ நெடிலாக ‘ஸ்கோன்’.

மாவு பிசறும் மூன்று வழிகள்

செய்முறையில் பெரிய முடிவு கொழுப்பை எப்படிச் சேர்ப்பது என்பதுதான். வெண்ணெயைப் பிசறுவது, கிரீமை ஊற்றுவது, கிரீமோடு லெமனேடும் ஊற்றுவது என்று மூன்று வழிகள். மூன்றுமே நல்ல வழிகள், ஆனால் ஒரே பண்டத்தைத் தருவதில்லை.

முதல் வழி பழைய வழி. மைதா 300 கிராம், பேக்கிங் பவுடர் தட்டிய 3 டீஸ்பூன் (சுமார் 13 கிராம்), உப்பு கால் டீஸ்பூன், குளிர்ந்த வெண்ணெய் 60 கிராம், பொடித்த சர்க்கரை 35 கிராம், குளிர்ந்த பால் 150 முதல் 180 மி.லி. வரை. பிரிட்டனில் இருப்பவர்கள் மைதாவுக்கும் பேக்கிங் பவுடருக்கும் பதிலாக, பேக்கிங் பவுடர் கலந்தே விற்கும் செல்ஃப் ரெய்சிங் மாவு 300 கிராமோடு ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்த்தால் போதும். பிரிஸ்டலைச் சேர்ந்த ஹென்றி ஜோன்ஸ் அந்த மாவுக்குக் காப்புரிமை வாங்கியது 1845-ல். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு பர்மிங்ஹாமில் ஆல்பிரட் பேர்ட் பேக்கிங் பவுடரை உருவாக்கியிருந்தார். இன்று நாம் அறிந்த உயரமான, பஞ்சுபோன்ற ஸ்கொன் அவற்றுக்குப் பின்னால் வந்தது.

வெண்ணெயைப் பிசறுவதுதான் இதில் கைப்பழக்கம் கேட்கும் இடம். புட்டு மாவு பிசறத் தெரிந்தவர்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். உள்ளங்கை படக் கூடாது, அதன் சூட்டில் வெண்ணெய் உருகிவிடும். விரல் நுனிகளால் மாவையும் வெண்ணெயையும் அள்ளி, கட்டை விரலால் தேய்த்து, உயரத்திலிருந்து உதிரவிட வேண்டும். ரொட்டித்தூள் பதத்துக்கு வந்து, இடையிடையே துவரம்பருப்பு அளவில் வெண்ணெய்த் துணுக்குகள் தெரியும்போது நிறுத்திவிடுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் கட்டியாக நிற்கும், தட்டினால் உதிரும். ஓவன் சூட்டில் அந்தத் துணுக்குகள் உருகி, அவற்றிலிருக்கும் நீர் ஆவியாகி, அடுக்குகளை விலக்கும். முழுக்கத் தேய்த்து மாவை மஞ்சளாக்கிவிட்டால் அடுக்கு வராது, பிஸ்கெட் போல உதிரும்.

சென்னை வெயிலில் 33 டிகிரி சமையலறையில் இதைச் செய்வது சிரமம். வெண்ணெயை உறையவைத்து, கேரட் துருவியில் துருவி, மாவோடு சேர்த்துப் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். விரலுக்கு அதற்கு மேல் வேலை இருக்காது. உப்பு வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம். வீட்டில் கடைந்த வெண்ணெயில் நீர் அதிகம், துணியில் வைத்துப் பிழிந்து குளிரவைத்த பிறகு எடுங்கள், பாலையும் 20 மி.லி. குறைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் குழி செய்து பாலை ஒரே மூச்சில் ஊற்றி, முனை மழுங்கிய கத்தியால் கலக்க வேண்டும். கரண்டி மாவை அமுக்கும், கத்தி வெட்டி வெட்டிக் கலக்கும். பிசுபிசுப்பாக, திட்டுத் திட்டாகச் சேர்ந்ததும் பலகைக்கு மாற்றி நான்கைந்து முறை மடித்துத் தட்டினால் முடிந்தது. சப்பாத்தி மாவுபோல வழுவழுப்பாக வரவில்லையே என்று தோன்றும். வரக் கூடாது. பிசைய பிசைய மாவில் இழுவை ஏறும், ஸ்கொன் ரப்பராகும். வறண்ட மாவைவிட ஒட்டும் மாவு நல்லது, ஏனென்றால் அந்த ஈரம்தான் ஆவியாகித் தூக்கப் போகிறது.

இரண்டாவது வழியில் பிசறல் இல்லை. 300 கிராம் மாவுக்கு, பேக்கிங் பவுடரும் சர்க்கரையும் முன்சொன்ன அளவில் கலந்து, 35 சதவீதக் கொழுப்புள்ள விப்பிங் கிரீம் 300 மி.லி. ஊற்றிக் கிளறினால் போதும். ஐந்து நிமிட வேலை. கணக்குப் பார்த்தால் இதில் 105 கிராம் கொழுப்பு, முதல் வழியில் பாலையும் சேர்த்துச் சுமார் 55 கிராம்தான். அதனால் இது செறிவாக, மெதுவாக, கொஞ்சம் கேக் சாயலில் வரும், அடுக்கு இருக்காது. கிரீமும் ஜாமும் வைத்துச் சாப்பிட இது தோதல்ல, கொழுப்பின் மேல் கொழுப்பு திகட்டும். வெறுமனே டீயோடு கடிக்க அருமை. அமெரிக்காவில் முக்கோணமாக வெட்டி, பழம் கலந்து, மேலே சர்க்கரைப் பாகு வடித்துத் தருவது பெரும்பாலும் இந்த வகைதான்.

மூன்றாவது ஆஸ்திரேலிய வழி: செல்ஃப் ரெய்சிங் மாவு 3 கப் (450 கிராம்), கிரீம் ஒரு கப் (250 மி.லி.), லெமனேடு ஒரு கப். லெமனேடு என்றால் எலுமிச்சைச் சாறு அல்ல, ஸ்பிரைட், செவன் அப் போன்ற நிறமற்ற சோடா பானம். சர்க்கரை அதிலேயே வந்துவிடும், தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. வாயுதான் தூக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் வாயுவின் பங்கு சிறியது, பெரும்பகுதி வேலையை மாவிலிருக்கும் பேக்கிங் பவுடர்தான் செய்கிறது. 35 சதவீதக் கிரீமாக இருந்தால் மாவுக்கும் கொழுப்புக்குமான விகிதம் வெண்ணெய் வழிக்கு மிக அருகில் வருகிறது, அதனால்தான் இந்தக் குறுக்குவழி பலிக்கிறது. இந்தியக் கடைகளில் அட்டைப்பெட்டியில் வரும் ஃபிரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீத அளவே இருக்கும். அதை அப்படியே ஊற்றினால் ஸ்கொன் வறட்டியாகும், உருக்கி ஆறிய வெண்ணெய் 30 கிராம் கூடச் சேருங்கள். இன்னொரு எச்சரிக்கை: பிரிட்டனில் இப்போது விற்கும் லெமனேடு பலவற்றில் சர்க்கரையைக் குறைத்துச் செயற்கை இனிப்பைப் போட்டிருக்கிறார்கள். அதில் செய்தால் மேல்பக்கம் சிவக்காது, வெளிறி நிற்கும். மாவோடு ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை சேர்த்தால் சரியாகும்.

எதை எடுப்பது? கிரீம் டீ, அதாவது ஸ்கொன்னோடு ஜாம், கிரீம், தேநீர் வைக்கப் போகிறீர்கள், அரை மணி ஒதுக்க முடியும் என்றால் வெண்ணெய் வழி, அதற்கு ஈடில்லை. திடீர் விருந்தாளி, இருபது பேருக்குச் செய்ய வேண்டும் அல்லது குழந்தைகள் செய்கிறார்கள் என்றால் லெமனேடு. ஜாமும் இல்லை, கிரீமும் இல்லை, காலை டீக்கு மட்டும் என்றால் கிரீம் வழி.

பாலா, தயிரா, முட்டையா?

பால் ஊற்றினால் மணம் அடங்கி நிற்கும், ஜாம் பேசும். புளிப்புள்ள மோர் ஊற்றினால் உள்ளே இன்னும் மென்மையாகும். ஆனால் ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் வரும் பட்டர்மில்க் நம் வீட்டு நீர்மோர் அல்ல. அது கெட்டியானது. கெட்டித் தயிர் 120 கிராமோடு பால் 50 மி.லி. அடித்துக்கொண்டால் அந்தப் பதம் வரும். தயிர் சேர்க்கும்போது பேக்கிங் பவுடரை இரண்டு டீஸ்பூனாகக் குறைத்து, ஆப்பசோடா கால் டீஸ்பூன் போடுங்கள். அதற்கு மேல் போனால் சோப்பு வாடை வரும். சோடாவைச் சலிக்காமல் போட்டால் மேலே பழுப்புப் புள்ளிகள் விழும்.

முட்டை கட்டாயமே இல்லை, வெண்ணெய் வழியில் முட்டையில்லாத குறிப்புகள் பிரிட்டனிலேயே ஏராளம். ஒரு முட்டை சேர்த்தால் நிறம் கூடும், கேக் தன்மை கொஞ்சம் வரும், பாலை 50 மி.லி. குறைக்க வேண்டும். மேலே பூசவும் பால் போதும், முட்டை மஞ்சள்கரு பூசினால் பளபளப்பு கூடும், அவ்வளவுதான். எதைப் பூசினாலும் மேல்முகத்தில் மட்டும் தடவுங்கள். பக்கத்தில் வழிந்தால் அந்த இடம் ஒட்டிக்கொள்ளும், ஸ்கொன் ஒரு பக்கமாகச் சாயும்.

வெட்டுவதில் போகும் உயரம்

ஸ்கொன் தட்டையாகப் போனது என்று குறைப்படுபவர்களில் பெரும்பாலானோர் பேக்கிங் பவுடரைத்தான் சந்தேகிப்பார்கள். அதைச் சோதிப்பது சுலபம், அரை டீஸ்பூன் பவுடரைச் சுடுநீரில் போட்டால் உடனே பொங்க வேண்டும். ஆனால் குற்றவாளி பெரும்பாலும் கை. மாவைத் தட்டியபோதே 2.5 செ.மீ. கனம் இருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்குத் தேய்த்துவிட்டு ஓவன் உயர்த்திவிடும் என்று காத்திருந்தால் நடக்காது. 5 செ.மீ. கட்டரை மாவில் தோய்த்து நேர்கீழே அழுத்தி, நேர்மேலே எடுக்க வேண்டும், திருகக் கூடாது. திருகும்போது வெட்டிய ஓரம் இழைந்து மூடிக்கொள்ளும், அந்த ஓரத்தில் அடுக்கு விலக வழியில்லாமல் ஸ்கொன் கோணலாக எழும்பும்.

கட்டர் இல்லாதபோது பலர் டம்ளரை எடுக்கிறார்கள். எவர்சில்வர் டம்ளரின் விளிம்பு மடித்திருக்கும், அது வெட்டாது, நசுக்கும். அதைவிடக் கூர்மையான கத்தியால் சதுரம் சதுரமாக வெட்டுங்கள். ஓரம் சுத்தமாக வரும், துண்டுமாவும் மிஞ்சாது. வட்டமாக வெட்டினால் மிஞ்சும் மாவைச் சேர்த்துத் தட்டிச் செய்யும் இரண்டாம் சுற்று எப்போதும் முதல் சுற்றைவிட ஒரு படி கடினமாகத்தான் இருக்கும்.

தட்டில் ஒன்றையொன்று தொடும்படி வைத்தால் பக்கங்கள் மெத்தென்று இருக்கும், மேல்நோக்கி எழும்பும். இடைவெளி விட்டால் சுற்றிலும் மேலோடு கிடைக்கும். இது உங்கள் விருப்பம். சூட்டில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்: 220 டிகிரி செல்சியஸ், விசிறி ஓவன் என்றால் 200. சின்ன ஓடிஜியாக இருந்தால் 20 நிமிடம் முன்சூடு செய்து, வெட்டிய பத்து நிமிடத்துக்குள் உள்ளே வையுங்கள். 12 முதல் 14 நிமிடம். 180-ல் வைத்து 25 நிமிடம் சுட்டால் வெந்துவிடும்தான், ஆனால் எழும்பும் முன்பே உலர்ந்து, மேலோடு கல்லாகும்.

ஓவனே இல்லையென்றால்

இது குறைபாடல்ல, ஸ்கொன்னின் பழைய வடிவமே அடுப்பின் மேல் சுட்டதுதான். ஸ்காட்லாந்தில் ‘கர்டில்’ என்று சொல்லும் கனத்த இரும்புத் தட்டு நம் தோசைக்கல்லின் உறவு. மைதா 225 கிராம், ஆப்பசோடா அரை டீஸ்பூன், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், வெண்ணெய் 25 கிராம் பிசறி, தயிர் 100 கிராமில் நீர் 50 மி.லி. அடித்து ஊற்றிச் சேர்த்து, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலான கனத்தில் வட்டமாகத் தட்டி நான்காக வெட்டுங்கள். எண்ணெய் வேண்டாம். கல்லில் ஒரு சிட்டிகை மாவைத் தூவிப் பாருங்கள். அது ஒரு நிமிடத்தில் மெல்லப் பழுப்பானால் சூடு சரி, உடனே கருகினால் தோசைச் சூடு, அது ஆகாது. சிறு தீயில் பக்கத்துக்கு ஐந்து நிமிடம். பிறகு ஒவ்வொரு துண்டின் ஓரங்களையும் கல்லில் நிறுத்தி அரை அரை நிமிடம் காட்டினால் பச்சை மாவு நிற்காது. இது உயரமாக வராது, கிரீமைத் தாங்காது. சுடச்சுடப் பிளந்து வெண்ணெய் தடவினால் வேறெதுவும் தேவைப்படாது.

ஜாம் முதலிலா, கிரீம் முதலிலா?

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மாவட்டங்கள், டெவனும் கார்ன்வாலும், இதில் ஒத்துப்போவதே இல்லை. டெவனில் முதலில் கிரீம், அதன் மேல் ஜாம். கார்ன்வாலில் முதலில் ஜாம், மேலே கிரீம். 2018-ல் கார்ன்வாலில் உள்ள லான்ஹைட்ராக் மாளிகையின் அன்னையர் தின விளம்பரப் படத்தில் கிரீம் கீழே, ஜாம் மேலே இருந்துவிட்டது. உள்ளூர்க்காரர்கள் கொதித்துப் போனார்கள், மாளிகை தரப்பு மன்னிப்புக் கேட்டது.

கிரீம் டீ என்பது கிரீம் கலந்த தேநீர் அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஸ்கொன், ஜாம், கிளாட்டட் கிரீம், ஒரு கெட்டில் தேநீர், நான்கும் சேர்ந்த சிற்றுண்டிக்கு அந்தப் பெயர். நம் ஊர் ஓட்டல்களில் இதை ‘ஹை டீ’ என்று போடுகிறார்கள். பிரிட்டனில் ஹை டீ என்பது உழைக்கும் மக்கள் வேலை முடிந்து வந்து சாப்பிட்ட மாலைச் சாப்பாடு, இறைச்சியும் ரொட்டியும் இருக்கும்.

வரிசையைத் தீர்மானிக்க கிளாட்டட் கிரீமைப் புரிந்துகொள்ள வேண்டும். அது அடித்து நுரைத்த கிரீம் அல்ல. கிரீமை அகலமான பாத்திரத்தில் கொதிக்கவிடாமல் மணிக்கணக்கில் சூட்டில் வைத்து, அசைக்காமல் ஆறவிட்டு, மேலே திரண்டதை வழித்து எடுப்பது. பொன்னிற மேலோடு, அடியில் வெண்ணெய்க்கும் கிரீமுக்கும் இடைப்பட்ட பதம், காய்ச்சிய பாலின் மணம். கார்னிஷ் கிளாட்டட் கிரீம் என்ற பெயருக்கு 1998 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு, குறைந்தது 55 சதவீதக் கொழுப்பு இருக்க வேண்டும். ஏறக்குறைய வெண்ணெய்தான். டெவன்காரர்கள் அதை வெண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில், அடியில் தடவுவதற்கு நியாயம் அங்கே இருக்கிறது. கார்ன்வாலின் நியாயம் வேறு. சூடான ஸ்கொன்மேல் அந்தக் கிரீமை நேரே வைத்தால் கண்முன்னே உருகி உள்ளே இறங்கிவிடும். ஜாம் நடுவில் இருந்தால் சூடு மேலே ஏறாது, கிரீம் குளிர்ச்சியாக வாய்க்குப் போகும்.

ஆகவே தட்டைத் தொட்டுப் பாருங்கள். ஸ்கொன் சூடாக இருந்தால் ஜாம் முதலில். ஆறியிருந்தால் கிரீம் முதலில், பிளந்த முகத்தின் சொரசொரப்பில் கெட்டியாகப் படியும், ஜாம் மேலே மினுங்கும். கிளாட்டட் கிரீம் கிடைக்காமல் அடித்த கிரீமை வைக்கிறீர்கள் என்றால் எப்போதும் ஜாம்தான் முதலில். அடித்த கிரீம் ஜாமின் பாரத்தைத் தாங்காது, கரண்டி பட்டதும் விலகிப் பக்கத்தில் வழியும்.

எந்த வரிசையானாலும் இரண்டு பாதிகளையும் தனித்தனியாகவே பூசி, தனித்தனியாகவே சாப்பிட வேண்டும். பன்னைப் போல மூடி அமுக்கினால் கிரீம் எல்லாம் விரலுக்குத்தான். ஒரு பாதிக்கு ஜாம் ஒரு குவித்த டீஸ்பூன், கிரீம் ஒரு மேசைக்கரண்டி. ஜாம் ராஸ்பெரியானால் புளிப்பு கூடுதல், கிரீமுக்கு அதுவே சிறந்த துணை. ஸ்ட்ராபெரி வழக்கமானது. கடை மிக்ஸட் ஃப்ரூட் ஜாம் இனிப்பு மட்டுமே தரும், இரண்டு மேசைக்கரண்டி ஜாமில் அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு கலந்தால் தேறும்.

கிளாட்டட் கிரீமுக்கு நம் பாலாடை மாற்றாகுமா? பொங்கவைத்த பாலில் படியும் ஆடை ஆகாது. அதில் புரதம் அதிகம், ரப்பர்போல இழுக்கும். கொழுப்பு நிறைந்த எருமைப்பால் இரண்டு லிட்டரை அகலமான உருளியில் ஊற்றி, குமிழி வராத சிறு தீயில் ஒன்றரை மணி நேரம் வைத்து, கிளறாமல் ஆறவிட்டு, ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாள் எடுக்கும் ஆடை ஆகும். கையளவுதான் கிடைக்கும், ஆனால் நிஜமாகவே அந்தச் சாயல் வரும். ஹோமோஜினைஸ் செய்த பாக்கெட் பால் உதவாது, கொழுப்பு மேலே திரண்டு வராது. பெட்டிக் கிரீமும் அப்படியே.

தேநீர் திடமாக இருக்கட்டும், கிரீமின் கொழுப்பை வாயிலிருந்து கழுவும் துவர்ப்பு வேண்டும். இலங்கையின் திம்புள்ள, நம் நீலகிரி இரண்டும் பொருந்தும், 200 மி.லி. சுடுநீருக்கு இரண்டு கிராம் இலை, நான்கு நிமிடம். இந்த ஆங்கிலேயச் சிற்றுண்டியில் நம்மவர் பங்கு அந்தக் கெட்டிலில் இருக்கிறது. மலையகத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறித்த கொழுந்து அது, தட்டிலிருக்கும் எதையும்விட அதிகம் உழைப்பைக் கேட்டது.

இனிப்பு வேண்டாதவர்களுக்கு

சீஸ் ஸ்கொன் இருக்கிறது, பலருக்கு அதுதான் முதல் தேர்வு. வெண்ணெய் வழி அளவிலேயே சர்க்கரையை நீக்கி, முதிர்ந்த செடார் 100 கிராம் துருவி, கடுகுப் பொடி ஒரு டீஸ்பூன், மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை சேருங்கள். சீஸில் கால்பங்கை மேலே தூவ ஒதுக்கிவிடுங்கள். பதப்படுத்திய கட்டிச் சீஸ் மணம் தராது, உப்பு மட்டும்தான் ஏறும். பிளந்து வெண்ணெய், பக்கத்தில் சூப். இதற்கு ஜாம் சண்டையே கிடையாது.

உலர் திராட்சை வகைக்கு 75 கிராம் போதும். பத்து நிமிடம் வெதுவெதுப்பான டீயில் ஊறவைத்துத் துடைத்துச் சேருங்கள், மேலே துருத்தி நிற்பதை உள்ளே தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் கருகிக் கசக்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பூசணி ஸ்கொன் பிரபலம். அந்த மாநிலத்தின் செனட்டராக இருந்த ஃப்ளோ பியெல்கே-பீட்டர்சன் அதற்காகவே நாடறிந்தவர். மஞ்சள் பூசணியை நீரில் வேகவைக்காமல் ஆவியில் வேகவைத்து, மசித்து, முற்றிலும் ஆறிய பிறகு சேர்க்க வேண்டும், சூடான மசியல் வெண்ணெயை உருக்கிவிடும். பாலைப் பாதியாகக் குறைத்துத் தொடங்குங்கள்.

மறுநாளைக்கு

சுட்டதை எடுத்துவைப்பதைவிட, சுடாததை எடுத்துவைப்பது மேல். வெட்டிய வட்டங்களைத் தட்டில் பரப்பி உறையவைத்து, கெட்டியானதும் பையில் போட்டு மூடினால் ஒரு மாதம் இருக்கும். உருகவிடாமல் நேரே 220 டிகிரி ஓவனில், வழக்கத்தைவிட மூன்று நான்கு நிமிடம் கூடுதலாக. சுட்டு மிஞ்சியதை 160 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டலாம். மைக்ரோவேவ் வேண்டாம், முதல் நிமிடம் மெத்தென்று இருந்து, தட்டுக்கு வருவதற்குள் இறுகிவிடும். இரண்டாம் நாளும் தாண்டிவிட்டால் பிளந்து, வெட்டுமுகம் கீழே படும்படி தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு முறுகச் சுட்டெடுங்கள். அப்போது அது சூடாகத்தான் இருக்கும், ஜாம் முதலில்.